டெல்லியில் என் வடக்கு

எங்கள் ஊர்ப்பக்கம் இடது, வலது என்று யாரும் அதிகம் பேசமாட்டார்கள். இலையில் இருக்கும் உப்பைக்கூடக் கொஞ்சம் வடக்கே தள்ளி வைக்கச் சொல்வார்கள். கண்ணைக் கட்டி நாலு சுற்று சுற்றிவிட்டாலும் கிழக்கு எது என்று நான் சொல்லிவிடுவேன். எனக்குக் கர்வம் என்று ஒன்று இருந்தால் அது இதில்தான். ரோபோக்களைப் பற்றி எம்.டெக். படிக்க கோவில்பட்டியிலிருந்து ரயில் ஏறியபோது எனக்கு இந்தி தெரியாது, குளிர் தெரியாது. திசை தெரியும் என்ற தைரியத்தில்தான் ஏறினேன்.

ஆக்ரா தாண்டியதும் தூங்கிப்போனேன். அந்தத் தூக்கத்தில் ரயில் எங்கேயோ வளைந்திருக்கிறது; நான் வளையவில்லை. டெல்லியில் இறங்கியபோது மனசுக்குள் ஒரு வடக்கு தயாராக இருந்தது. அதை வைத்துக்கொண்டே பஸ் ஏறி, முனிர்காவில் அறை பிடித்து, ஒன்றரை வருஷம் வாழ்ந்தேன். அறையின் ஒரே ஜன்னலில் கையை நீட்டினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணியைத் தொடலாம். வானம் தெரியாது. எப்போதாவது சீக்கிரம் எழுந்து வெளியே போனால் சூரியன் தெற்கே உதிப்பதுபோல் இருக்கும். வடக்கே இவ்வளவு தூரம் வந்தால் சூரியன் தெற்கே ஒதுங்கித்தானே தெரியும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொள்வேன். படித்தவனுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்?

எங்கள் ஆய்வகம் மூன்றாவது மாடியில், ஜன்னலே இல்லாத ஒரு நீளமான காரிடாரில் இருந்தது. எனக்கும் கூடப் படித்த ஒருத்திக்கும் சேர்த்து ஒரு ரோபோ கொடுத்திருந்தார்கள். ரோபோ என்றால் கையையும் தலையையும் கற்பனை செய்ய வேண்டாம். மூன்று சக்கரம், ஒரு ஸ்கூட்டர் பேட்டரி, மேலே அலுமினியத் தட்டு. வண்டி என்றுதான் சொல்வோம். ஆய்வக வாசலிலிருந்து காரிடாரின் கடைசியில் உள்ள நூலகக் கதவு வரை அது தானாகவே போய்த் திரும்ப வேண்டும். போகிற இடத்தின் வரைபடத்தை அதற்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று அதற்குச் சொல்லும் காம்பஸைச் செய்வது அவள் வேலை.

அவள் டெல்லியிலேயே, லக்ஷ்மிபாய் நகர் அரசு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். தமிழைப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என்னை எடுத்த எடுப்பில் நீ என்றாள். நான் நீங்க என்பதை விடுவதற்கு ஒரு செமஸ்டர் ஆயிற்று. அந்தக் காம்பஸுக்கு வேண்டிய செம்புக் கம்பியைத் தன் கையாலேயே சுற்றி, தானே பற்றவைத்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாகச் செய்து முடித்திருந்தாள். ஆய்வேட்டில் அதைப் பற்றிய அத்தியாயம் நன்றாக வந்தால் முனைவர் பட்டத்துக்குத் தன்னிடமே சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான்.

வரைபடத்தில் லெஃப்ட், ரைட் என்று எழுதினால் போதாதா என்று கேட்டாள். திரும்பி நின்றால் மாறிப்போகிற இடதும் வலதும் ஒரு திசையா என்று நான் சொற்பொழிவே ஆற்றினேன். காரிடார் வடக்கு தெற்காக ஓடுகிறது என்று எழுதினேன். யாரையும் கேட்கவில்லை.

நூலகத்தைப் பார்த்து நின்றால் அது தெற்கு என்றது என் வரைபடம். கிழக்கு என்றது அவள் காம்பஸ். இரண்டு பேச்சையும் கேட்டு நடுவாக ஒரு முடிவெடுக்கும்படி வண்டிக்கு நாங்கள்தான் எழுதிவைத்திருந்தோம். அது சாதுவாகக் கோணல் வழியில் போய்ச் சுவரில் முட்டி நின்றது. பின்னால் எடுத்து மறுபடி விட்டால் மறுபடியும் அதே சுவர்.

கால் சுற்று பிழை. தொண்ணூறு டிகிரியைக் கூட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் காரணம் தெரியாமல் தொண்ணூறைக் கூட்ட வேண்டிய கருவியை யார் நம்புவார்கள் என்று பேராசிரியர் கேட்டார். அவள் காரணம் தேட ஆரம்பித்தாள். மூன்று வாரம் தேடினாள். கம்பியைப் பிரித்து மறுபடி சுற்றினாள். இரும்பு பீரோவைக் காரிடாரின் மறுகோடிக்குத் தள்ளினாள். கடையில் ஒரு சின்ன காம்பஸ் வாங்கி வந்தாள். அதுவும் கிழக்கு என்றது. கட்டடம் முழுக்க இரும்பு, அதுவும் தப்பாகத்தான் காட்டும் என்றேன். வெளியே புல்வெளிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பூமிக்கடியில் மின்சாரக் கேபிள் போகிறது என்றேன். ஊர்க்காரன், திசை விஷயத்தில் தப்பமாட்டான் என்று ஆய்வகமே என்னை நம்பியது. அவளும் நம்பினாள்.

சூரியனைக் கேட்கலாமென்றால் அது ஜனவரி. வாரக்கணக்கில் மூட்டம். முனிர்காவிலிருந்து காலையில் நடந்து போகும்போது என் கால் எனக்கே தெரியாது. மரம் பக்கத்தில் வந்த பிறகுதான் மரம் ஆகும். பஸ் முதலில் சத்தமாக வரும், பிறகு இரண்டு மஞ்சள் வெளிச்சமாக வரும், கடைசியில்தான் பஸ்ஸாக வரும். அந்த வெண்மைக்குள் நான் கொஞ்சமும் தடுமாறாமல் நடப்பேன். இது என் கிழக்கு, இது என் மேற்கு என்று மனசுக்குள் ஒரு ஊரைக் கட்டி அதற்குள் உலாவிக்கொண்டிருந்தேன். தூங்கிக்கொண்டே நடக்கிற மாதிரி சுகமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை பேராசிரியர் கெடு வைத்தார். வியாழனுக்குள் காரணத்தைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் காம்பஸ் அத்தியாயத்தை எடுத்துவிட வேண்டும். வியாழன் இரவே அவர் வெளிநாடு கிளம்புகிறார். அவள் தலையை ஆட்டினாள். மதியம் சாப்பிடப் போகவில்லை.

மறுநாள் சாயங்காலம் வண்டியின் அச்சைக் கடைந்து வாங்குவதற்காகக் கீழே பட்டறைக்குப் போனேன். பட்டறை தரைத்தளத்தில், எங்கள் காரிடாருக்கு நேர் கீழே, அதே நீளத்தில் இருக்கும். அங்கே வேலை பார்த்த பெரியவர் லேத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்துத் தொழுதுகொண்டிருந்தார். காத்திருந்தேன். காத்திருக்கும்போதுதான் அவர் வடக்கே பார்த்து உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. இந்த நாட்டில் தொழுபவர்கள் மேற்கே அல்லவா பார்ப்பார்கள்? முடிந்ததும் எனக்குத் தெரிந்த இந்தியில், நீங்கள் பார்த்தது எந்தத் திசை என்று கேட்டேன். பச்சிம் என்றார், மேற்கு. வேறு எதைப் பார்ப்பார்கள் என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அச்சை வாங்கிக்கொண்டார். அதே இடத்தில் வருஷக்கணக்காகத் தொழுகிறவர்.

வெளியே வந்தேன். மூட்டம் மெலிந்திருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், என்னுடைய வடக்கில், வெளுத்த சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊர் ஒரு தடவை திரும்பியது. முனிர்கா நகர்ந்துபோய் வேறு பக்கம் நின்றது. ரயில்வே ஸ்டேஷனும் நான் போகும் மெஸ்ஸும் பஸ் நிறுத்தமும் ஒவ்வொன்றாக எழுந்து இடம் மாறி உட்கார்ந்தன. நான் மட்டும் படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது. அழகாகவும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்று மாடி ஏறினால் அவள் இருந்தாள். நான் ஏறவில்லை.

புதனும் வியாழனும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அறையிலேயே இருந்தேன். இரண்டு நாளும் நல்ல வெயில். மொட்டைமாடியில் பாய் போட்டுப் படுத்து, கண்ணை மூடி, புது வடக்கைப் பழகிக்கொண்டிருந்தேன். எப்படிச் சொல்வது என்று வாக்கியம் அமைப்பேன். பாதியில் கண் சொக்கும். விழித்தால் பழைய வடக்கு திரும்பி வந்திருக்கும். அதைத் தள்ளிவிட்டு மறுபடி முதலிலிருந்து அமைப்பேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று வெயில் இறங்கிவிடும். வெட்கம்தான் காரணம், வேறு ஒன்றுமில்லை. என்னிடம் இருந்த ஒரே கர்வம் அது.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வகத்துக்குப் போனேன். எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். முந்தின நாள் காம்பஸைக் கழற்றியதும் வண்டி சுவரில் முட்டாமல் நேராகப் போய்த் திரும்பியதாம். என் முதுகில் தட்டினார்கள். அவள் பைண்டிங் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

பேர் சராய் என்ற பக்கத்துப் பகுதியில் அந்தக் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கறுப்பு அட்டை போட்ட ஆய்வேட்டுப் புத்தகங்கள். ஒன்றை வாங்கிப் புரட்டினேன். காம்பஸ் அத்தியாயம் இருந்த இடத்தில், கட்டடத்துக்குள் காந்தக் காம்பஸை நம்ப முடியாது என்று ஒரே ஒரு பத்தி, அவள் எழுதியது. கீழே பேராசிரியர் கையெழுத்து. அவர் போய்விட்டார்.

நின்றுகொண்டே சொன்னேன். ரயிலில் தூங்கியது, காரிடார் கிழக்கு மேற்காக ஓடுவது, காம்பஸில் ஒரு தப்பும் இல்லாதது. உள்ளே கடைக்காரர் தங்க எழுத்து பதித்துக்கொண்டிருந்தார்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்றாள்.

"இன்னைக்குக் காலைலதான்" என்றேன்.

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினாள். அடுத்த மாதம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேரப்போவதாகச் சொன்னாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"அச்சா, விடு. தெரிஞ்ச உடனே ஓடி வந்து சொல்றியே. வேற யாராவது இருந்தா சொல்லியே இருக்க மாட்டாங்க" என்றாள். "தேங்க்ஸ்."

நான் தலையை ஆட்டி அதை வாங்கிக்கொண்டேன்.