சதுப்பில் கொட்டிய மண்

எதெல்மிராவின் கணவர் வடக்கே சுரங்க வேலைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவர், ஏரிக்கு அக்கரையிலேயே இன்னொரு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவள் யார் சொல்வதையும் நம்புவதில்லை. மீன் வாங்கினால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். வானொலியில் வெயில் என்றால் குடை எடுப்பாள். எங்கள் தெருப் பிள்ளைகளை மஞ்சள் வேனில் பள்ளிக்கு ஓட்டிப் போவது அவள்தான்.

ஏரிக்கரையிலும் அதை ஒட்டிய நாணல் சதுப்பிலும் இனிக் கட்டடம் கூடாது, மண் நிரப்பக் கூடாது என்று நகராட்சி ஒரு விதியைக் கொண்டுவரப் பார்த்தது. வசந்தத்தில் ஆட்கள் வந்து, மண்ணையும் செடிகளையும் பார்த்துச் சதுப்பின் எல்லையைக் குறிப்பார்களாம். எதெல்மிராவுக்கும் அவள் தம்பி ரெமிஹியோவுக்கும் அங்கே அப்பா விட்டுப்போன, பங்கு பிரிக்காத நிலம் இருந்தது.

"விதியாம் விதி! நம்ம நிலத்த விலை போகாம பண்ணிட்டு, மேயரோட ஆளுங்க சல்லிசா வாங்கப் போறாங்க" என்றாள் என்னிடம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் தாழ்வான தெருவில் தண்ணீர் ஏறியது. முன்பெல்லாம் எவ்வளவு மழை பெய்தாலும் சதுப்பு அதைக் குடித்துவிடும். இந்த முறை வேன் சக்கரம் பாதி முங்கியது. பிள்ளைகளை ஒவ்வொருவராக இடுப்பில் தூக்கி வாசலில் சேர்த்தாள். மறுநாள் காலை, ஒரு டிப்பர் லாரி செம்மண்ணோடு சதுப்புப் பாதையில் திரும்புவதைப் பார்த்தாள்.

நேராக நகராட்சிக்குப் போனாள். தலைநகர் சாந்தியாகோவிலிருந்து மாற்றலாகி வந்த ஆய்வாளர் லிசாந்த்ரோ, மாத்தே என்ற இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"லாரி போகுதே, தெரியுமா சார்?"

"தெரியும்மா. பாத்துட்டுத்தான் இருக்கோம்."

"பாத்துட்டே இருங்க. ஏரியே பந்து விளையாடுற மைதானமாயிடும்."

அவர் அவளையே உற்றுப் பார்த்தார். லஞ்சத்துக்குக் கை நீட்டிவிட்டான், அதுதான் இப்படி முழிக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள்.

அடுத்த முறை, பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு லாரியின் பின்னாலேயே போனாள். அது நின்றது அவளுக்கும் தம்பிக்கும் சொந்தமான நிலத்தில். அங்கே பாதிக்கு மேல் ஏற்கெனவே செம்மண் மேடாகியிருந்தது.

"யார் கொட்டச் சொன்னா?"

ஓட்டுநர் குழம்பிப்போனான். "உங்க தம்பிதாங்க்கா. உங்களுக்கும் தெரியும்னாரே?"

ரெமிஹியோ வீட்டில் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவன் மறைக்கவில்லை.

"அளக்க வர்றதுக்குள்ள மேடாக்கிட்டா அது சதுப்பு இல்லக்கா, நிலம். சுற்றுலா வர்றவங்களுக்குக் குடில் போடலாம். உன் பங்கும் அதுல இருக்கு."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், இவன் ஒருவனை விட்டுவைத்திருந்தாள்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் விதியைப் பற்றிய கூட்டம் நடந்தது. ரெமிஹியோ எழுந்து, இது மேயர் ஆட்களின் சூழ்ச்சி என்றான். எல்லோரும் கைதட்டினோம். தட்டி ஓய்ந்த பிறகு எதெல்மிரா எழுந்தாள்.

"மேயர எனக்கும் நம்பிக்கையில்ல. நாளைக்கு இந்த விதிய அவங்களே வளைச்சாலும் வளைப்பாங்க. ஆனா உங்க தெருவுக்குள்ள தண்ணி வந்தது எங்க நிலத்துல கொட்டின மண்ணால. அத நான் கண்ணால பாத்தேன். விதி வரட்டும்."

தம்பி அவளைப் பார்க்காமலே வெளியேறினான்.

விதி நிறைவேறியது. கொட்டிய மண்ணை நகராட்சி அள்ள வைத்தது. அள்ளும்போது அருகில் நின்ற ஆய்வாளரிடம் கேட்டாள்: "யார் நிலம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

"தெரியும். நீங்களும் உடந்தைன்னு நெனச்சேன். என்னை ஆழம் பாக்க வந்திருக்கீங்கன்னு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் சொன்னதை முழுசாக நம்பவில்லை.

ரெமிஹியோ தன் மகள் யஸ்னாவை அக்காவின் வேனில் அனுப்புவதை நிறுத்திவிட்டான். அடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை, அந்தச் சிறுமி நிறுத்தத்தில் மழையில் நின்றிருந்தாள். எதெல்மிரா கதவைத் திறந்தாள்.

"அப்பா அனுப்பினாரா, நீயா வந்தியா?"

"அப்பாதான் அனுப்பினாரு அத்தை."

எதெல்மிரா கண்ணாடியில் தெருவைப் பார்த்தாள். மூலைக் கடை ஓரத்தில் ரெமிஹியோ குடையோடு நின்றிருந்தான். எதற்காக அனுப்பினான் என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. அன்று வேனின் சூடேற்றியை யஸ்னாவின் பக்கம் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தாள்.