ஸ்பேனருக்கு விடுமுறை

சில வாரங்களாக இந்தப் பத்தி வரவில்லை. “பாஸ் உயிரோடு இருக்கிறாரா? இல்லையென்றால் அந்த இடத்தில் சினிமா விளம்பரமாவது போடுங்கள்” என்று தலவாக்கலை வாசகர் ஒருவர் ஆசிரியருக்குத் தபாலட்டை எழுதியிருக்கிறார்.

நன்றி ஐயா. உயிரோடுதான் இருக்கிறேன். கைவிரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம்தான் எழுத முடியாமல் போனது.

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹட்டனில் சின்னதாக ஒரு எஞ்சினியரிங் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்து ஆட்கள் தேயிலைத் தொழிற்சாலையை ‘இஸ்டோர்’ என்பார்கள். பட்டறைக்காரனை ‘பாஸ்’ என்பார்கள். இஸ்டோரில் கொழுந்து அரைக்கும் ரோலர் மக்கர் பண்ணினால் பாஸுக்கு ஆள் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடவேண்டும். நான் பயந்த பேர்வழி. எந்த மெஷினை ஓட்டிப் பார்த்தாலும் வாசற்படிக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். எங்காவது ‘புஸ்’ஸென்று சத்தம் கேட்டால் அடுத்த நொடி முற்றத்தில் இருப்பேன். என் பட்டறைப் பையன்கள் பிரஷர் கேஜைப் பார்ப்பதே இல்லை… என் காலைத்தான் பார்ப்பார்கள்!

இப்படிப்பட்டவனிடம்தான், றொசல்ல பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பாதுகாப்பு வேலையை ஒப்படைத்தார்கள்.

கொழும்பிலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர், ரோலர் அறையில் பெல்ட்டுகள் எல்லாம் திறந்தபடி ஓடுவதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாராம். தோட்டத்து மானேஜரான பெரிய தொரை என்னைக் கூப்பிட்டார். நான் அளவெடுத்தேன். படம் வரைந்தேன். பெல்ட்டில் என்னென்ன மாட்டிக்கொள்ளும் என்று யோசித்து யோசித்து எனக்கே குளிர்ஜுரம் கண்டது – முந்தானை, வேட்டி நுனி, கூந்தல், நாய்க்குட்டி… கடைசியில் கம்பிவலை போட்டு, ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு கூண்டு செய்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கினேன். ஸ்பேனர் இல்லாமல் பிரம்மாவே வந்தாலும் கழற்றமுடியாது. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

“பெல்ட்டைக் கொண்டுபோய் ஜெயில்ல போட்டுட்டீங்களே பாஸ்! அது என்னா குத்தம் பண்ணுச்சு?” என்று சிரித்தார் வீரையா.

வீரையா அந்த ரோலர் அறையின் மூத்த ஆள். வாலிப வயதில் உள்ளே நுழைந்தவர். மீசை நரைத்தும் வெளியே வரவில்லை. அரைபடும் கொழுந்தைக் கையில் அள்ளி உருட்டிப் பார்த்தபடியே ஊர்வம்பு பேசுவார். என்னைவிட அவருடைய வாய்க்கு நீளம் அதிகம். அதனாலேயே எங்களுக்குள் ஒரு சிநேகம்.

ஆயுத பூசைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி, மழையில் நனைந்துகொண்டு மேலே ஏறினேன். இஸ்டோருக்குள் நுழைந்தால் தோரணம், வாழைக்குலை, சாம்பிராணிப் புகை… ரோலர்கள் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாணப் பெண்களைப் போல நின்றன. என் கருவிப் பையை வாங்கி ஸ்பேனர்களை எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் அடுக்கி, பொட்டும் வைத்துவிட்டார்கள். எனக்கும் மனம் குளிர்ந்துபோனது.

அப்புறம்தான் கவனித்தேன். என் கூண்டுகள் எல்லாம் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தன!

“என்னா வீரையா இது? கூண்டை யாரு கழட்டினது?”

“நேத்தே கழட்டியாச்சுங்க. சாமிக்குக் கூண்டு போடலாமுங்களா பாஸ்? பொட்டு வைக்கணும், தீவம் காட்டணும். மொகம் தெரிய வேணாமா?”

“சரி, பொட்டு வச்சாச்சில்ல? இப்ப மாட்டிருங்க.”

“எதை வச்சு மாட்டுறது? ஸ்பேனரெல்லாம் சாமிகிட்ட படுத்திருக்கு. நாளைக்குக் காலையில புனர்பூசை முடிஞ்சுதான் அது எந்திரிக்கும். அதுக்கு இன்னைக்கு லீவுங்க.”

நியாயம்தான். ஆயுத பூசையன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? என் பட்டறையையே அன்று பூட்டித்தானே போட்டிருந்தேன். ஆகவே டீமேக்கரிடம் போனேன். இஸ்டோருக்குப் பொறுப்பான ஆள் அவர்தான்.

“ஐயா, அப்ப ரோலரும் நாளைக்கு வரைக்கும் தூங்கட்டுமே?”

டீமேக்கர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நேத்துப் பறிச்ச கொழுந்து மேல்மாடி பூரா வாடிக் கெடக்கு பாஸ். அதுக்குப் பூசை தெரியுமா, புனர்பூசை தெரியுமா? இன்னைக்கி அரைக்கலேன்னா அம்புட்டும் குப்பை. பெரிய தொரைக்கிட்ட நீங்க பதில் சொல்றீங்களா?”

நானா? தொரையிடமா? நான் வாசற்படிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

வேடிக்கையைப் பாருங்கள். ஸ்பேனருக்கு லீவு. ரோலருக்கு லீவு இல்லை. இரண்டுமே நியாயம். இரண்டு நியாயங்களுக்கும் நடுவே ஒரு பெல்ட் திறந்தபடி ஓடப்போகிறது. அதற்கு எந்த நியாயமும் தெரியாது.

சாமி படத்தை நெருங்கினேன். என் சொந்த ஸ்பேனர்தானே… மெதுவாகக் கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற கோயில் பண்டாரம் தொண்டையைக் கனைத்தார்.

“பாஸ்… தெய்வக் குத்தம்.”

நீட்டிய கை வெறுங்கையாகத் திரும்பக்கூடாது என்று கொஞ்சம் சுண்டலை எடுத்துக்கொண்டு திரும்பியது.

பூசை முடிந்தது. ரோலர் அறையின் மூத்த ஆளுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவது அங்கே வழக்கம். புதுத் துண்டு ஒன்றை வீரையாவின் தலையில் சுற்றினார்கள். ஒரு நுனி முதுகுப் பக்கம் தொங்கியது. மனுஷர் பூரித்துப்போனார்.

“எப்புடி இருக்கேன் பாஸ்?”

“புது மாப்பிள்ளை தோத்தான், போங்க.”

“எம் பொஞ்சாதி இப்ப பாத்தான்னா மறுபடியும் கட்டிக்குவா. ஆனா நான் ஒத்துக்கிற மாட்டேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். எஞ்சினை ஓட்டினார்கள். பரிவட்டத்தை மட்டும் யாரும் அவிழ்க்கச் சொல்லவில்லை. மரியாதைக்குக் கட்டியதை அவிழ்க்கச் சொல்வது மரியாதையா?

அடுத்து நடந்ததை எழுதத்தான் இத்தனை வாரம் ஆனது.

ரோலருக்குக் கீழே சிதறிய கொழுந்தை அள்ளுவதற்காக வீரையா குனிந்தார். நிமிர்ந்தபோது துண்டின் நுனி பெல்ட் பக்கம் பறந்தது. பெல்ட் அதை இழுத்தது. அவர் வலது கையால் துண்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையும் சேர்ந்து போனது.

நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கத்த வேண்டும். வாய் நிறையச் சுண்டல்! பெல்ட்டை ஒதுக்கித் தள்ளி ரோலரை நிறுத்தும் நெம்புகோல் எனக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை எண்ணெய் போட்டுச் சரிபண்ணிக் கொடுத்தவனே நான்தான். அது என் ஞாபகத்துக்கு வந்ததா? இல்லை. என் கை எதை எடுத்தது தெரியுமா?

சாமி முன்னால் இருந்த கைமணியை.

அடித்தேன்… அப்படி ஒரு அடி அடித்தேன்! அடுத்த அறையிலிருந்து எஞ்சின் டிரைவர் எட்டிப் பார்த்தார். மணியைப் பார்த்தார். கண்ணை மூடிக் கைகூப்பினார். வாசலில் சுண்டலுக்கு நின்ற கொழுந்துக்காரப் பெண்கள் அவசர அவசரமாகக் கும்பிட்டார்கள். யாரோ “அரோகரா!” என்றார்கள். நான் இன்னும் பலமாக அடித்தேன். அவர்கள் இன்னும் பக்தியாகக் கும்பிட்டார்கள்.

மற்ற நாளாக இருந்தால் இதை எழுதி உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்திருப்பேன்.

டீமேக்கர்தான் ஓடிவந்து நெம்புகோலை இழுத்தார். பெல்ட் நின்றது. வீரையாவின் உயிர் தப்பியது. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கை நிறையக் கட்டு. மனைவி சின்னத்தாயி கட்டிலடியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வீரையாதான் முதலில் பேசினார்.

“என்னா பாஸ், பிரமாதமா மணியடிச்சீங்களாமே? பண்டாரம் வேலையைப் பறிச்சுக்குவீங்கன்னு அந்தாளு பயந்து கெடக்கு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சிரிங்க பாஸ். நீங்களே சிரிக்கலேன்னா அப்புறம் யாரு சிரிக்கிறது?” என்றவர், சற்றுக் கழித்துக் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு கேக்கணும். செக்ரோல்ல எம் பேரு இருக்குமுங்களா?”

தோட்டத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலைக்கு வருகிறவர் பெயர் செக்ரோலில் இருக்கும். பெயர் இருக்கும்வரைதான் லயத்தில், அந்த வரிசை வீட்டில், ஒரு காம்பரா, குடியிருக்க ஒரு அறை. பெயர் போனால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரவேண்டியதுதான். வீரையாவுக்குப் போனது விரல்கள் மட்டுமல்ல. தலைக்கு மேலே இருக்கும் தகரமும் ஆடிக்கொண்டிருந்தது.

“வெளிய போகச் சொன்னா எங்க போறதுங்க?” என்றார் சின்னத்தாயி. “பொறந்தது இங்க. பொழைச்சது இங்க.”

“அட இவ ஒருத்தி,” என்றார் வீரையா. “முழுசா இருக்கையிலேயே கடலுக்கு அந்தப்பக்க நாடும் வேணாங்குது, இந்த நாடும் வேணாங்குது. இப்ப ரெண்டு வெரலோட போயி நின்னா கூப்புட்டு வச்சுக்குவாங்களாக்கும்!”

அப்போதும் அவர்தான் சிரித்தார்.

ரயிலில் திரும்பும்போது ஒரே யோசனை. சாமி முன்னால் இருந்த மணியைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கினேனே – அப்போது தெய்வக் குற்றம் என்று பண்டாரம் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மணிக்குப் பக்கத்திலேயே கிடந்த ஸ்பேனரைத் தொட மட்டும் ஏன் கை கூசியது? ஒருவர் கை போன பிறகு வரும் தைரியம், கை இருக்கும்போது வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பயப்படுவதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன். முந்தானைக்குப் பயந்தேன், நாய்க்குட்டிக்குப் பயந்தேன். காலண்டருக்குப் பயப்படத் தெரியவில்லை. வருஷத்தில் ஒருநாள் இந்த ஜனங்கள் மெஷினின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவார்கள், அதே நாளில் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள் – இது எனக்குத் தெரியாத சங்கதியா? நானும் அந்த ஜனங்களில் ஒருவன்தானே? ஆனால் படம் வரைய உட்கார்ந்தபோது நான் எஞ்சினியராகிவிட்டேன். கழற்ற முடியாத கூண்டு செய்வது சாமர்த்தியம் என்று நினைத்தேன். திரும்ப மாட்ட முடியாத கூண்டும் அதுவேதான் என்பது உறைக்கவில்லை.

தோட்டத்தில் விசாரணை நடந்தது. துண்டுதான் காரணம் என்று முடிவாயிற்று. இனி இஸ்டோருக்குள் யாரும் தலையில் துண்டு கட்டக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். துண்டு மறுபேச்சுப் பேசவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வாசற்படிப் பக்கமே நிற்கிற நான், பெரிய தொரையின் ஆபீசுக்குள் போய் நின்றேன். என் இங்கிலீஷ் எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். தொரைக்கு முன்னால் அது இன்னும் மோசமாகிவிட்டது. ஆனாலும் இரண்டு சங்கதிகளைச் சொல்லிமுடித்தேன். ஒன்று, கூண்டுகளை என் செலவிலேயே மாற்றித் தருகிறேன். இரண்டு, ஓடும் பெல்ட்டுகளைக் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அதற்குப் பத்து விரல் தேவையில்லை. பெல்ட் என்ன செய்யும் என்று தெரிந்த ஆளாக இருந்தால் போதும்.

தொரை பைப்பைத் தட்டினார். “இப்போதைக்குச் சரி,” என்றார்.

இப்போதைக்கு! அந்த வார்த்தையின் கீழேதான் இன்று வீரையாவின் குடும்பம் குடியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை புதுக் கூண்டுகளைப் பொருத்தினேன். போல்ட் எல்லாம் போயிற்று. ஒரு பக்கம் கீல், மறுபக்கம் ஒரு கொண்டி. பூசையா? கதவைத் திற, பொட்டு வை, தீபம் காட்டு, மூடு. ஸ்பேனர் நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு கூண்டுக்கு ஒரு கீலும் ஒரு கொண்டியும் – ஹட்டன் கடைத்தெருவில் எந்த இரும்புக் கடையிலும் கிடைக்கிற சாமான்.

வீரையா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையைச் சட்டைக்குள் வைத்திருந்தார். இடது கையின் ஒற்றை விரலால் கொண்டியைத் தூக்கினார். கதவு திறந்தது. தள்ளினார். ‘டக்’கென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

“இம்புட்டுத்தானுங்களா பாஸ்?”

எஞ்சின் இரைச்சலில் காதில் விழாததுபோல் குனிந்து கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. எஞ்சின் ஓடவே இல்லை.