இந்த ரூமில் ‘பரவால்ல’ கிடையாது!

போன வாரம் என் அக்காவுக்கு ஒரு பரீட்சை. சிலபஸில் ஒரே பாடம்தான் — ஒண்ணுக்கு!

முகம் சுளிக்காதீர்கள். காலையில் எழுந்ததும் நீங்களும் நானும் செய்கிற முதல் வேலை அதுதானே?

மூத்திரப்பை எவ்வளவு தாங்குகிறது, எப்போது முரண்டு பிடிக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. யூரோடைனமிக்ஸ் என்று பெயர். செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்தோம். எழுதலாமா என்று அக்காவிடமே கேட்டேன்.

“எழுதிக்கடி. பேர மட்டும் மாத்திடு.”

“மல்லிகான்னு வைக்கட்டா?”

“ஐயய்யோ, அது என் நாத்தனாரு பேரு! வூட்டுக்குள்ள சண்ட வந்துடும்.”

ஆகவே, வெறும் அக்கா.

அக்கா இருப்பது திருக்கழுக்குன்றத்தில். வீட்டோடு சின்னதாக ஒரு பிளவுஸ் தைக்கிற கடை. அவள் மகள் யாழினிக்கு மதுரையில் காலேஜ் சீட் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் கொண்டுபோய் விட மாமா வேன் பேசிவிட்டார். மாமாவின் அக்கா, தங்கை, அவர்கள் வீட்டுக்காரர்கள் என்று எல்லாரும் கிளம்புகிறார்கள் — பெற்ற தாயைத் தவிர! “கடைய யாரு பாத்துப்பா? நீங்க போய்ட்டு வாங்க” என்று ஒரே பிடிவாதம்.

யாழினி எனக்கு போன் போட்டு அழுதாள். “நான் தூரமா போறது அம்மாவுக்குப் புடிக்கல சித்தி. அதான் மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீது. வரவே மாட்டேன்னா இன்னா அர்த்தம்?”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது... அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அன்று யாழினிக்குப் பெட்டி வாங்க அக்கா நான் இருக்கும் கேளம்பாக்கத்துக்கு வந்திருந்தாள். திரும்பக் கொண்டுபோய் விடும்போது, கடல் பார்த்துக்கொண்டே போகலாமே என்று ஸ்கூட்டரில் ஏற்றி ஈ.சி.ஆர். பக்கம் திருப்பினேன்.

“இந்த பங்க்ல நிறுத்தாத. பாத்ரூம் சாவி கேக்கணும், ஒரு மாரி பாப்பான். அடுத்த பங்க்ல தொறந்தே கெடக்கும்.”

அடுத்ததில் நிறுத்தினேன். ஓடினாள். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். “அந்த ஓட்டலாண்ட நிறுத்து. பின்பக்கமா போனா யாரும் கேக்க மாட்டாங்க.” மறுபடி ஓடினாள்.

மாமல்லபுரம் வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஊர் உலகமே கடலைப் பார்த்துக்கொண்டு போகிற ரோட்டில், என் அக்கா மட்டும் பாத்ரூம் கதவுகளைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள். எத்தனை வருஷமாக என்று கேட்டேன்.

“யாழினி பொறந்ததுலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா... இப்ப ரொம்ப. வேன்ல அத்தினி பேரு நடுவுல நான் நிறுத்து நிறுத்துன்னு எத்தினி வாட்டி சொல்றது? நிறுத்தறதுக்குள்ள ஆயிடுச்சினா? பொண்ணு காலேஜ் வாசல்ல ஈரப் புடவையோட எறங்கவாடி?”

அடுத்த நாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர்தான் டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்தார்.

‘யூரின் முட்ட வாங்க’ என்று சொல்லியிருந்தார்கள். அக்காவோ, வெளியே கிளம்புவதென்றால் முந்தின நாளிலிருந்தே தண்ணீரைத் தொடாத ஆள். பாலைவனமாக வந்து நின்றாள்! டெஸ்ட் எடுக்கிற சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா நீ... நீச்சல் போட்டி வச்சா கெணத்த எறச்சிட்டு வந்து நிக்கிற?”

தண்ணீர் குடித்து, காத்திருந்து, முதல் ரவுண்டு முடிந்தது. புனல் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து போக வேண்டும். எவ்வளவு வேகமாகப் போகிறது என்று மெஷின் கோடு போடும். அவ்வளவுதான்.

அடுத்ததுதான் மெயின் பேப்பர். மெல்லிய குழாய் வைத்து மூத்திரப்பைக்குள் மெதுவாக நீரை நிரப்புவார்கள். அக்கா என் கையை விடவில்லை. “சரி, நீயும் நில்லும்மா” என்றார் சிஸ்டர்.

“மொதல்ல லேசா வர்ற மாரி இருந்தா சொல்லு. அப்பால, போயே ஆவணும்னா சொல்லு. புரியுதா?”

அக்கா தலையாட்டினாள்.

“இப்ப எப்பிடிக்கீது?”

“பரவால்ல சிஸ்டர்.”

“இப்போ?”

“பரவால்ல.”

அக்காவின் நெற்றி வியர்த்திருந்தது. என் விரல்கள் நசுங்கிக்கொண்டிருந்தன. திரையில் கோடு மலை மலையாக எகிறியது. சிஸ்டர் கோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“நெசமாவா?”

“பரவா...”

முடிக்கவில்லை. கசிந்துவிட்டது.

அக்கா கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். “மன்னிச்சிடுங்க சிஸ்டர்... ஒரு துணி குடுங்க, நானே தொடச்சிடறேன்.”

“எதுக்கு மன்னிப்பு? இத பாக்கத்தான் நான் மெஷின போட்டுகினு குந்திகினு கீறேன்! உன் பை பண்ற சேட்ட இப்பத்தான் கையும் களவுமா மாட்டிச்சி. ஆனா, எப்ப முட்டிச்சினு மெஷினுக்குத் தெரியாதும்மா... நீதான் சொல்லணும். இன்னொரு வாட்டி எடுப்போம். இந்த ரூம்ல ‘பரவால்ல’ன்ற வார்த்தையே கெடையாது, ஆமா!”

யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டியா? பரவால்ல. ஜுரம் எப்படி இருக்கு? பரவால்ல. உக்கார இடம் இருக்கா? பரவால்ல. ‘நன்றாக இருக்கிறேன்’ என்றும் அர்த்தம், ‘எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம்’ என்றும் அர்த்தம். கூடவே இருக்கிற நமக்கே எது எதுவென்று தெரிவதில்லை. மெஷின் பாவம், என்ன செய்யும்?

மெயின் பேப்பர், இரண்டாவது தடவை.

“லேசா... வர்ற மாரி கீது.”

“அப்பிடிப் போடு!”

“இப்ப போவணும் சிஸ்டர்.” கொஞ்சம் கழித்து, பக்கத்து ரூமுக்கே கேட்கிற மாதிரி — “முடியல சிஸ்டர்! முடியல!”

“சபாஷ்!” என்று கை தட்டினார் சிஸ்டர். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பை நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறதாம். மாத்திரை, போகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடும் பயிற்சி என்று டாக்டர் சொன்னார். தண்ணீரை நிறுத்தியதற்குத் திட்டும் விழுந்தது. நல்ல மாற்றம் தெரியும். ஆனால் சில வாரங்கள் ஆகும். மதுரைப் பயணமோ இந்த வெள்ளிக்கிழமை!

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அக்கா மகளுக்கு போன் போட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை.

“உன்மேல கோவமெல்லாம் இல்லடி. அம்மாவால ஒண்ணுக்கு அடக்க முடியல. வேன்ல வர பயமா கீது. அதான்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“லூசாம்மா நீ? இத சொல்றதுக்கு இன்னா? நான் எவ்ளோ அழுதுகினு கெடந்தேன் தெரியுமா?” இன்னொரு உறிஞ்சல். “வேன்ல அப்பா பொட்டியெல்லாம் ஏத்திகினு வரட்டும். நீயும் நானும் ட்ரெயின்ல போலாம். செங்கல்பட்டுலியே ஏறிக்கலாம்.”

காரணம் தெரிந்தால்தானே ரயில் தோன்றும்? அத்தனை நாள் அது யாருக்குமே தோன்றவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது, யாழினி செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். “அம்மா, கெடச்சிடுச்சி! கம்பார்ட்மென்ட்டுல கடைசி சீட்டு! டாய்லெட்டுக்குப் பக்கத்துல!”

அந்த சீட் கிடைத்ததற்காக ஒரு குடும்பமே கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தது, நம் ரயில்வே வரலாற்றில் இதுதான் முதல் தடவையாக இருக்கும்!