மலையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில் இது நடந்தது. நாங்கள் ஆக்லாந்தில் ஹில்ஸ்பரோவில் இருக்கிறோம். எனக்குப் பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸில் வேலை.

இந்த நாட்டின் வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரைக்கும் கால்நடையாகவே போக ஒரு நீண்ட பாதை இருக்கிறது. அதில் தென்தீவின் மலைப்பகுதியை மட்டும் நானும் என் மகளும் நடப்பதென்று முடிவு செய்தோம். எப்போது தொடங்குவது என்பதில்தான் சண்டை. இங்கே ஐப்பசி என்றால் வசந்த காலம். கீழே பூ பூத்திருக்கும், மேலே கணவாய்களில் பனி இடுப்பளவு கிடக்கும். கிறிஸ்மஸ் வேலை கூடுவதற்குள் திரும்பிவிடலாம் என்பதால் நான் ஐப்பசியிலேயே போக நினைத்தேன். மகள் எங்கள் நகரின் வடக்கே ஆல்பனியில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். தினமும் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வாசித்துவிட்டு வருவாள். "பனி உங்கட லீவைப் பார்த்து உருகாது, அப்பா" என்று சொன்னாள். கடைசியில் டிசம்பர் நடுவில் புறப்படலாம் என்று ஒத்துக்கொண்டேன்.

அப்போது மனைவி குறுக்கே வந்தார். டிசம்பர் நடுவில் மார்கழி பிறந்துவிடும். "மார்கழியில பயணம் தொடங்கிறதோ? நல்ல நாளில பரஸ்தானம் வைச்சிட்டுப் பிறகு போங்கோவன்" என்றார்.

பரஸ்தானம் என்பது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். நல்ல நாளில் புறப்பட முடியாவிட்டால், அன்றைக்கு ஒரு பையை மட்டும் போகிற திசையில் வேறோர் இடத்தில் வைத்துவிடுவார்கள். ஆளே புறப்பட்டதாகக் கணக்கு.

அந்தக் கிழமை என் நண்பன் ஒருவன் காரில் தென்தீவு போனான். பழைய முதுகுப்பை ஒன்றில் ஒரு சட்டை, ஒரு தேங்காய், திருநீற்றுப் பொட்டலம் வைத்து அவனிடம் கொடுத்தேன். எங்கள் பாதையில், வீதியிலிருந்து அரை மணி நேர நடையில், ஒரு மலைக்குடில் உண்டு. அங்கே அதை வைக்கச் சொன்னேன். அத்தோடு நின்றிருக்கலாம். குடில்களில் ஒரு புத்தகம் இருக்கும். வருகிறவர்கள் பெயரையும், எங்கே போகிறார்கள் என்பதையும் அதில் எழுத வேண்டும். "என்ர பெயரையும் எழுதிவிடு மச்சான், தொடங்கினது தொடங்கினதா இருக்கட்டும்" என்றேன். நண்பர்கள் மட்டும் கூப்பிடும் என் சின்னப் பெயரை எழுதினான். தனியாள், கணவாய்க்குப் போகிறார் என்றும் எழுதினான். தொலைபேசி எண் எழுதவில்லை. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போனது. மதியச் சாப்பாட்டு நேரம், என்னோடு வேலை செய்யும் தமிழ்நாட்டுக்காரர் கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "தெக்க பனியில ஒருத்தன் காணாமப் போயிட்டானாம். இந்த நேரத்துல யாருண்ணே மலையேறுவா? அறிவில்லாதவன்" என்றார்.

"ஓம், அறிவில்லாதவன்தான். பாவம்" என்று சொல்லிக்கொண்டே நான் சோற்றைக் குழைத்தேன்.

"பையை மட்டும் குடிசையில விட்டுட்டுப் போயிருக்கான். யாருன்னே தெரியலையாம். தேங்காய் இருந்துச்சாம் பையில. நம்மாளா இருப்பானோ?"

கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. காணாமல் போனவன் நான்தான்.

வெளியே லொறிகள் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பொலிசுக்கு அழைத்தேன். ஒரு பெண் பேசினார். காணாமல் போனவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டார். நான்தான் அது என்றேன். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். காலையிலிருந்து ஆறு பேர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி பனியில் நடக்கிறார்கள் என்று சொன்னார். என்னை மிகவும் தெரிந்தவர்கள் மட்டும் கூப்பிடும் பெயர் அது. நான் இல்லாத ஒரு மலையில், நான் காணாத ஆட்கள் அதைக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"நான் இங்கே இருக்கிறேன், தயவுசெய்து அவர்களை இறங்கச் சொல்லுங்கள்" என்றேன்.

"முடியாது" என்றார் அவர். "குடில் வாசலிலிருந்து கணவாய்க்கு ஒருவரின் காலடிகள் போகின்றன. திரும்பி வரவில்லை. கடைசிப் பனி விழுந்து மூன்று நாள்தான் ஆகிறது, காலடி அதற்குப் பிறகு பதிந்தது. அது உங்களுடையது இல்லையென்றால் யாருடையது?"

அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வீட்டுக்கு வந்து தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மனைவி விளக்கேற்றி வைத்தார். மகள் ஆல்பனியிலிருந்து வந்து சேர்ந்தாள். திட்டவில்லை. அன்றைய எச்சரிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினாள்: மதியத்துக்குப் பிறகு வெயிலில் பனி இளகும், கணவாயின் கீழ்ச்சரிவில் கால் வைக்க வேண்டாம். அந்தச் சரிவில்தான் ஆறு பேர் நின்றார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கும், என் மகளைப் போல வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த ஆறு பேரையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் தேங்காய்ப் பை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அழைப்பு வந்தது. ஆறு பேரும் இறங்கிவிட்டார்கள். அவர்கள் குடிலுக்கு வந்து ஒரு மணி நேரம் இருக்காது, மேலே இடி போல ஒரு சத்தம் கேட்டதாம். காலடிகள் போன சரிவு முழுவதும் பெயர்ந்து விழுந்துவிட்டது. அடுத்த இரண்டு நாளும் ஹெலிகொப்டரில் தேடினார்கள். யாரும் கிடைக்கவில்லை. யாரையும் காணவில்லை என்று எவரும் அறிவிக்கவும் இல்லை. நடந்தவர் கணவாயைத் தாண்டி மறுபக்கம் இறங்கிப் போயிருக்கலாம் என்றார்கள். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. நடக்காத என் பெயர் எழுதியிருந்தது, நடந்தவரின் பெயர் எங்கேயும் இல்லை.

டிசம்பரில் நாங்கள் போனபோது, தேடுதலுக்குத் தலைமை தாங்கியவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் பெண், என் வயதுதான் இருக்கும். ஏச்சு வாங்கத் தயாராகவே போனேன். அவர் ஏசவில்லை. நான் சொன்னது முழுவதையும் கேட்டுவிட்டு, முற்றத்தின் மறுமூலைக்கு நடந்து போனார். அங்கே நின்று, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, என் சின்னப் பெயரை மலையில் கூப்பிட்டது இப்படித்தான் என்பது போல ஒரு தடவை கூப்பிட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு ஆடுகளைப் பார்க்கப் போனார். நான் போகிறேன் என்று எழுதி வைத்தால் அதை அப்படியே நம்பித் தேடி வர முன்பின் தெரியாதவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு, இன்றைக்கும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறதோ அவ்வளவு பயமாகவும் இருக்கிறது.