கழித்த இரும்பின் பாட்டு

ஓசூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒருவர் கன்னடத்தில் கேட்பார், மற்றவர் தெலுங்கில் பதில் சொல்வார், பின்னிருக்கைக்காரர் இருவரையும் தமிழில் கேலி செய்வார். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில், இவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமலே பேசுகிறார்கள் என்று எண்ணினேன். புரியாதவள் நான் மட்டுமே என்பது தெரியச் சில வாரங்கள் ஆயின.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர் மினிபஸ்களிலெல்லாம் ஒலித்த ஒரு பாட்டு உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று மொழிகள் கலந்து, அடிக்கொரு தரம் ‘டொக்’ என்று ஒரு மந்தமான ஓசை விழும். அதைக் கட்டிப் பாடியவள், என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர்ப் பெண் நாகரத்னா. இரும்பு வார்ப்புகளைச் சிறு சுத்தியலால் தட்டிக் கேட்பது எங்கள் வேலை. மணிபோல் நீண்டு ஒலித்தால் நல்லது. அமுங்கி ஒலித்தால் உள்ளே விரிசல், சிவப்புச் சாயம் பூசிக் கழித்துவிடுவோம். அந்தத் தட்டலே அவளுக்குத் தாளம். தமிழ் இலக்கியம் படித்த மிதப்பில், பாட்டு முழுவதையும் தமிழாக்கிவிடலாமே என்று ஒருமுறை சொன்னேன். சுத்தியலைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

“எங்கூட்ல அம்மா தெலுங்கு, மாமியா கன்னடம், புள்ளைங்க தமிழு. யாரக்கா வெளிய நிக்க வெக்கறது?”

ஆயுத பூஜையன்று அவள் பாடியதை யாரோ மொபைலில் பதிந்தார்கள். அது கைக்குக் கை பரவி, பெங்களூரில் பாட்டு வெளியிடும் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. ஒரே ஒரு மதியம் ஸ்டூடியோ கிடைக்கும்; தவறினால் வேறு நாள் இல்லை என்றார். இரும்பில்லாமல் பாட வராது என்றாள் நாகரத்னா. நல்ல வார்ப்பு கம்பெனி கேட்டைத் தாண்டாது. கழித்ததை வெளியே கொண்டுபோக மட்டுமே கேட் பாஸ் தருவார்கள். நானே பாஸ் வாங்கி ஒன்றைப் பையில் வைத்தேன். எது வெளியே போகும் என்று யோசித்தேனே தவிர, அது எப்படி ஒலிக்கும் என்று யோசிக்கவில்லை.

ஸ்டூடியோவில் அவள் ஒருமுறை தட்டினாள். ‘டொக்’. பழக்கத்தில் அவள் கை அதை இடப்பக்கம் ஒதுக்கியது; தொழிற்சாலையில் கழிவுப் பெட்டி இருக்கும் பக்கம். அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. கண்ணாடிக்குப் பின்னிருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் என்னைக் கடியாமல் வார்ப்பைத் திரும்ப எடுத்து, மெல்லத் தட்டித் தட்டிக் கேட்டாள்.

“வுடுக்கா. அது மேல வராது. நான் கீழ எறங்கிக்கறேன்.”

எப்போதும் உச்சத்தில் பாடும் குரல், அன்று அந்த விரிசலின் அருகில் போய் அமர்ந்தது. ஊரெல்லாம் நேசித்தது அந்தக் குரலைத்தான். வாழ்நாளெல்லாம் பிழையைக் கழித்துப் பழகிய காது, ஒரு நொடியில் அதற்கு இடங்கொடுத்ததை இன்றும் வியக்கிறேன்.

போன விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்புகையில், திருநெல்வேலி பஸ் நிலையத்தில் அந்தப் பாட்டு ஒலித்தது. வழியனுப்ப வந்த தம்பி கேட்டான்: “என்னக்கா, நல்ல பாட்டுக்கு நடுவுல தகரத்த தட்டுன மாதிரில்லா கேக்கு?”

“அது அப்படித்தாங்க,” என்றேன்.

தம்பிக்கே ‘ங்க’ போடுகிறாயே என்று அவன் சிரித்தான். பஸ் வடக்கே திரும்பியது. என் விரல் ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது. காது வழக்கம்போல், நல்லதா, கழிக்க வேண்டியதா என்று கேட்டுக்கொண்டிருந்தது.