உரம் படாத மண்

எங்கள் தோட்டத்தில் யூரியா படாத மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. தேயிலைக்கு உரம் போடுவார்கள். புதைகாட்டில் யாருக்குப் போடுவது? ஆகவே, தலவாக்கலைப் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு மிஸ் வந்து, உரமோ மருந்தோ படாத மண் வேண்டுமென்று கேட்டபோது, கிளாக்கர் அவரை நேரே அங்கே அழைத்துப் போய்விட்டார்.

மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். இதுவரை யாரும் கண்டு எழுதாத பக்டீரியாக்களை மண்ணில் தேடுவது அவர் வேலை. ஒன்பது வயதில் எனக்கு அதெல்லாம் தெரியாது. பள்ளிவிட்டு வரும் வழியில் நின்று பார்த்தேன். புல்லை விலக்கி ஒரு சாண் தோண்டி, கரண்டியால் மண்ணை அள்ளிப் பையில் போட்டு, இலக்கம் எழுதினார். அவர் தோண்டிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் இரண்டு வாரத்துக்கு முன் என் தம்பியைப் புதைத்திருந்தார்கள். பிறந்து இருபது நாள் இருந்தான். மேடு மழையில் கரைந்துவிட்டதால் மிஸ்ஸுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

என் சித்தி அதே நிலையத்தில் கண்ணாடித் தட்டுகள் கழுவும் வேலை செய்தாள். ஒரு மாதம் கழித்து எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தவள், பேச்சுவாக்கில் சொன்னாள்.

"ஒங்க தோட்டத்து மண்ணுல என்னமோ புதுசா மொளைச்சிருக்காம். எந்தப் புத்தகத்துலயும் இல்லியாம். மிஸ்ஸுக்கு ஒரே சந்தோசம்."

"அது தம்பிகிட்ட எடுத்த மண்ணு" என்றேன்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. மறுநாள் அவள் காலைப் பெரட்டுக்கோ கொழுந்து பறிக்கவோ போகவில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"எங்க தோட்டத்து மண்ணுன்னாங்க. பாத்துட்டுப் போலாமுன்னு வந்தோம்" என்று மட்டுமே மிஸ்ஸிடம் சொன்னாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்தி தலைகுனிந்துகொண்டாள்.

மிஸ் ஆசையாக ஒரு தட்டைக் கொண்டுவந்தார். சுண்ணாம்புப் பொட்டுகள் போல வெள்ளையாக, நடுவில் சுருக்கம் விழுந்து, ஏதோ வளர்ந்திருந்தது. மூடியைச் சற்றே தூக்கியதும் மழை மண்ணின் வாசம் வந்தது. வெளியே நல்ல வெயில். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தன. தம்பியைத் தூக்கிப் போன அன்று வந்த அதே வாசம்.

பிறகு நுணுக்குக்காட்டியில் என்னைப் பார்க்கச் சொன்னார். மெல்லிய இழைகள், நுனியில் சுருள் சுருளாக. தம்பியின் தலைமுடியும் அப்படித்தான் இருந்தது.

"நிறம், வடிவம், எந்தச் சூட்டில வளரும் எண்டெல்லாம் எழுதோணும். கிட்டின சொந்தங்களோட ஒப்பிட்டுப் பாக்கோணும். அதுக்குப் பிறகுதான் பேர் வைக்கலாம்" என்றார் மிஸ்.

சொந்தம் என்றால் நாங்கள்தானே? அதற்காகத்தான் வரவழைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அது என்னாங்க மிஸ் திங்கும்?"

"கனக்கச் சாப்பிடும். பால் கலந்த தட்டில வச்சுப் பாத்தனாங்கள். சுத்தியிருந்த பால் முழுக்கக் குடிச்சுப்போட்டுது" என்று மிஸ் சிரித்தார்.

அம்மா சட்டென்று முந்தானையை இழுத்து நெஞ்சோடு இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். "வாறோங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தாள்.

பஸ்ஸில் முந்தானை விலகியபோது பார்த்தேன். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பஸ்ஸின் கூரையைப் பார்த்தேன், ஒழுகவில்லை. இன்று எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால்கூடத் தாய்க்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிடும் என்று அனுபவத்தில் தெரியும். அன்று தெரியவில்லை. தட்டிலிருந்த ஏதோவொன்று அம்மாவின்மேல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாக நினைத்தேன். அவள் என் தோளில் கை வைத்தபோது, தட்டிவிட்டு, இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்தேன்.