லைசென்ஸ் மேல் வைத்த பொட்டு

கம்ப்யூட்டருக்கும் லைசென்ஸ் உண்டு என்பது இந்த வயதில் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சிரிக்காதீர்கள்.

புலாவ் செபாங் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை. பழைய பெட்டியையும் புதியதையும் தூக்கிக்கொண்டு போனேன்.

“பழைய விண்டோஸையே புதுசுல போட்டுடலாம் அண்ணே,” என்றார் கடைக்காரம்மா. “பெட்டியில ஒட்டியிருக்கிற இருபத்தஞ்சு எழுத்து லைசென்ஸ் நம்பர் வேணும். இல்லன்னா புதுசா வாங்கணும் லா.”

பழைய பெட்டியைத் திருப்பினார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அந்த ஸ்டிக்கர் மேல் காய்ந்து கெட்டியாக இருந்தன.

“இங்க போயி ஏன் அண்ணே வச்சீங்க?”

“லோரிக்கு நம்பர் பிளேட்டுலதானே வைக்கிறோம்? இதுலயும் நம்பர் இருந்துச்சு, வச்சேன்.”

ஈரத்துணி கொடுத்தார். பக்குவமாகத் துடைத்தேன்.

பொட்டு சுத்தமாகப் போய்விட்டது. எழுத்துகளில் மூன்று மிஞ்சின.